பொட்டுக்கு அடியில் இருந்த நிறம்

சாமிக்கு வைத்த பொட்டின் மேல் உப்புத்தாள் போட எனக்குக் கை வரவில்லை. எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது.

ஜீப்பின் மீட்டர் பலகைக்கு நடுவில் இருந்தது அந்தப் பொட்டு. யாரோ வருஷக்கணக்கில் ஆயுத பூஜைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் வைத்து வைத்து, சந்தனமும் குங்குமமும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சின்ன அப்பளம் மாதிரி கெட்டியாக உட்கார்ந்திருந்தது. என் மனைவியின் தம்பி, நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறவர், கஞ்சிக்கோட்டில் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை வைத்திருப்பவர். வண்டி முழுக்கச் சுரண்டி வெறும் தகரமாக்கிவிட்டு, உப்புத்தாளை மடித்துக்கொண்டு அந்த இடத்துக்கு வந்து நின்றார்.

"மச்சான், இது ஒண்ணுதானுங்க பாக்கி. நீங்க சித்தெ அந்தப் பக்கம் திரும்பிக்கங்க. ஒரே இழுப்பு."

"வேண்டாம் மாப்ளை. யாரோ கும்புட்டு வெச்சது."

"இதென்ன கோயில் செவுருங்களா? தகரமுங்க."

"தகரத்துக்கா வெச்சாங்க? சாமிக்கு வெச்சாங்க."

"அப்பப் பக்கத்துல ஒரு உண்டியலும் வெச்சுரலாம். பட்டறைக்காவது ஆகும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனாலும் நான் கேட்டுக்கொண்டபடி பொட்டைச் சுற்றி வட்டமாக டேப் ஒட்டிவிட்டு மற்ற இடத்தை மட்டும் தேய்த்தார். என்னை அவர் திருத்த முடியாது என்று அவருக்குத் தெரியும்.

நான் எலப்புள்ளிப் பக்கம் தென்னையும் கொஞ்சம் நிலக்கடலையும் வைத்துப் பிழைக்கிறவன். எட்டாவதோடு படிப்பு நின்றது. காலையில் குளித்து விளக்கு வைக்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன், கிருத்திகைக்கு விரதம் இருப்பேன், இதைத் தவிர என்னிடம் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. பழைய ராணுவ வண்டிகளின் மேல் ஆசை வந்தது மகள் கல்யாணம் முடிந்த பிறகுதான். ஏன் அந்த வண்டி என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். அது எதையும் மறைத்து வைக்காத வண்டி. எந்த நட்டு எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். நாலைந்து ஸ்பேனர் இருந்தால் முழுவதையும் பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டிவிடலாம். அழகுக்கென்று ஒரு தகடுகூட இருக்காது. தோட்டத்து வேலை செய்கிறவனுக்கு இப்படி ஒரு பொருளைப் பார்த்தால் மரியாதை வரும்.

முதலில் கிடைத்தது ஒரு ராணுவ மோட்டார் சைக்கிள். மாடு பார்க்க வேலந்தாவளம் சந்தைக்குப் போன இடத்தில், ஒரு தரகர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் சாய்ந்து நின்றிருந்தது. மாடு இல்லாமல் அதைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தேன். என் மனைவி வாசலில் நின்று ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது எந்நேரத்துக்குக் கறக்குமுங்க?"

அதை ஓட வைத்த பிறகுதான் ஜீப்பு.

மூணாறு பக்கத்துக்குத் தேங்காய் லோடு கொண்டுபோகிற லாரிக்காரர் ஒருவர் சொன்னார், ஒரு தேயிலை எஸ்டேட்டில் பட்டாளத்து ஜீப்பு ஒன்றில் கோழி அடைகிறது என்று. பழனி போகிற வழியில் அப்படியே பார்த்துவிட்டு வரலாம் என்று மனைவியை அழைத்துக்கொண்டு போனேன். பழனி எங்கே, மூணாறு எங்கே என்று அவள் உடுமலை தாண்டும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கூரை. அதன் அடியில் நின்றிருந்தது. டயர் இல்லை, சீட்டு இல்லை, பின்புறம் முழுக்கக் கோழி எச்சம். ஆனால் மண்வெட்டியும் கோடாலியும் கட்டுவதற்குப் பக்கவாட்டில் விட்டிருந்த கொக்கிகள் அப்படியே இருந்தன. முன்னால், வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி மூடி போட்ட அந்தச் சின்ன விளக்கும் இருந்தது. மேல் பெயிண்டு வெயிலிலும் பனியிலும் வெளுத்து, நீலமா சாம்பலா என்று சொல்ல முடியாமல் ஆகியிருந்தது. கட்டைவிரல் நகத்தால் ஓரிடத்தைச் சுரண்டினேன். அடியில் ராணுவப் பச்சை. எனக்கு உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை.

வண்டிக்கு உரிமையாளர் ஓர் அம்மாள். கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். அவருடைய வீட்டுக்காரர் எஸ்டேட்டில் டிரைவராக இருந்து, எஸ்டேட் கழித்துவிட்ட ஜீப்பை வாங்கி ஓட்டியவர். அவர் தவறிய பிறகு வண்டி அசையவில்லை. அந்த அம்மாளை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவர் பால் விடாத கட்டன் சாயா கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"வெலை கெடக்கட்டும் தம்பி. சித்திரையில எங்க மாரியாத்தா இந்த வண்டியிலதான் லயம் லயமா வருவா. அவுக குளிச்சு மாலை போட்டு ஓட்டுவாக. அவுக போன பெறவு ஆத்தா சரக்கு ஆட்டோவுல வாரா. கண்கொண்டு பாக்க முடியல. நீங்க இதை ஓட வச்சீகன்னா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கொண்டாந்து ஆத்தாவை ஏத்தணும். அப்படீன்னா எடுத்துட்டுப் போங்க. இல்லைன்னா கோழி அடையட்டும்."

லயத்தின் ஓரத்திலேயே அந்தக் கோயில் இருந்தது. நான் போய்க் கற்பூரம் ஏற்றி, அடுத்த சித்திரைக்கு வண்டியோடு வருகிறேன் என்று கையடித்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பி வரும்போது மனைவி கேட்டாள்: "வண்டி வாங்குனீங்களா, நேந்துட்டு வந்தீங்களா?"

"ரெண்டுந்தான் அம்மிணி."

"அப்ப வெளையாட்டில்லீங். சாமிகிட்டச் சொன்ன நாளு தவறக்கூடாது."

ஒரு வருஷம் வேலை நடந்தது. எஞ்சினைக் கோயமுத்தூரில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் பிரித்துக் கட்டினோம். இல்லாத சாமான்களுக்கு உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் நான் ஏறி இறங்காத படி இல்லை. பெட்ரோல் டேங்க் மூடிக்கு அகளி வரை போனேன். அங்கே ஒருவர் அதை உரலுக்கு மூடியாக வைத்திருந்தார். பழைய ராணுவ வண்டிக்காரர்களுக்கென்று போனில் ஒரு குழு இருக்கிறது. பொள்ளாச்சி, கோயமுத்தூர், திருச்சூர் ஆட்கள். பாதி சுரண்டிய தகரத்தின் படம் போட்டேன். அடியில் பச்சை தெரிந்ததும், "அசலுக்குக் கொண்டாந்துருங்க", "பச்சைதாங்க அதோட பிறவி நெறம்" என்று எல்லாரும் உசுப்பேற்றினார்கள். ஒருவர் மட்டும், "அந்தக் கலரு ரோட்டுக்கு ஆகாதுங்க, ஆபீஸ்ல கேட்டுக்கங்க" என்று எழுதியிருந்தார். நான் அதைப் படித்தேன். இவ்வளவு பழைய வண்டிக்கு அதெல்லாம் இருக்காது என்று நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். ஆசை வந்துவிட்டால் காதுக்கு வேண்டியதுதான் கேட்கும்.

பங்குனியில் பச்சை அடித்து முடித்தோம். பட்டறை வாசலில் நிறுத்திப் பார்த்தபோது, அணிவகுப்புக்குப் போகிற மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்றது. பொட்டு மட்டும் டேப் வட்டத்துக்குள் சிவப்பாக இருந்தது. அந்த மகிழ்ச்சியில் அக்காவின் மகள் போனுக்குப் படம் அனுப்பினேன். சாயங்காலம் அக்காவே கூப்பிட்டார்.

"படம் பாத்தேன் தம்பி. நல்லாருக்கு. ஜம்முன்னு இருக்கு."

"சந்தோஷமுங்க அக்கா."

 பிறகு கேட்டார்:

"தம்பி, தப்பா நெனைக்காதீக. இது எங்க வண்டிதானே?"

எனக்குச் சுருக்கென்றது. ஒரு வருஷம் பாடுபட்டவனிடம் இப்படியா கேட்பது என்று கோபம்கூட வந்தது. வண்டி அதேதான், பிறவி நிறத்துக்குக் கொண்டு வந்திருக்கிறோம் என்று விளக்கினேன். "அப்படியா, சரி சரி" என்று வைத்துவிட்டார். மனைவியிடம் சொன்னபோது அவள் தலை நிமிராமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அது இன்னும் மோசம்.

பங்குனி உத்திரம் முடிந்த வாரம், பதிவைப் புதுப்பிக்க வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஆய்வுக்குக் கொண்டுபோனோம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், முன்னால் சாமந்தி மாலை. ஆய்வாளர் மாலையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், சுற்றி ஒரு நடை நடந்தார். நல்ல மனிதர், முகத்தில் சிரிப்பு இருந்தது, பேச்சு பாதி மலையாளம்.

"சேட்டா, வேலையெல்லாம் அடிபொளி. பட்சே ஈ கலரு பற்றில்ல, ஆகாது கேட்டோ."

"என்னங்க சார்?"

"இது பட்டாளத்துக்கு மாத்திரம் உள்ள கலரு. நாட்டுக்காரு ஆரும் அடிக்கக்கூடாது. நியமம் அதாணு."

"இது பட்டாளத்து வண்டிதானுங்களே சார்."

"இருந்நு. இப்போ நிங்ஙள்டெ வண்டி. நிங்ஙள் பட்டாளத்திலானோ?"

மாப்பிள்ளை பின்னால் நின்று, "ஊட்டுல கொஞ்சம் அப்படித்தானுங்க சார்" என்றார். ஆய்வாளர் சிரித்துக்கொண்டே பழைய பதிவுப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். நிறம் என்ற இடத்தில் நீலம் என்று இருந்தது. அதை அடித்துக்கொண்டு வந்தால் தடையில்லை, பத்து நாளில் இன்னொரு நாள் தருகிறேன் என்றார். அதன் பிறகு திருவிழாவுக்கு ஒரு வாரம்தான் மிஞ்சும். மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தேன். தவறு முழுக்க என்னுடையது. எழுதிச் சொன்ன மனிதரின் பேச்சைக் கேட்கவில்லை. அதைவிட, அந்த அக்கா அழைத்தது ஆத்தா ஏறுகிற வண்டியை. நான் செய்து வைத்திருந்தது வேறொன்றை.

"நீலமுன்னா எந்த நீலமுங்க?" என்றாள் மனைவி.

 நான் வாங்கும்போதே வெளுத்துப் போயிருந்தது, மிச்சத்தையும் சுரண்டித் தள்ளியாகிவிட்டது. அக்காவையே கேட்டேன்.

"வாயால சொல்லத் தெரியல தம்பி. மயிலு வெயில்ல நின்னு கழுத்தைத் திருப்புமே, அப்ப ஒண்ணு தெரியும் பாத்தியளா, அது. அவுகளே ரெண்டு மூணு டப்பாவைக் கலக்கித்தான் பூசுவாக."

மாப்பிள்ளையின் நிற அட்டைகளைப் படம் பிடித்து அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் "இது இல்ல", "இதும் இல்ல" என்றே பதில் வந்தது. கடைசியில், "ஏதாச்சும் ஒண்ணு அடிங்க தம்பி, ஆத்தா கோவிச்சுக்க மாட்டா" என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்குக் கண் கலங்கியது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை. ஜீப்பை எங்கள் களத்தில் நிறுத்தியிருந்தேன். மனைவி வழக்கம்போல் குளித்துவிட்டு, வண்டிக்குப் பொட்டு வைக்கக் குங்குமச் சிமிழோடு போனவள், அங்கிருந்தே கூப்பிட்டாள்.

"ஏனுங்க, இங்க வாங்க. பொங்கலுக்கு வெள்ளை அடிக்கறப்பச் சாமி படத்தைக் கழட்டுனா, படத்துக்குப் பொறத்தாண்ட செவுரு எப்படி இருக்கும்?"

"புதுசா இருக்கும்."

"அப்ப இதுக்கு அடியில வெயிலு பட்டிருக்குமுங்களா?"

நான் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். புரிந்துவிட்டது. ஆனால் அதை எடுக்க வேண்டுமே. கையை நீட்டினேன், இழுத்துக்கொண்டேன். அவளுக்கு என் மனசு தெரியும்.

"அபிசேகத்துக்கு முன்னால கோயல்ல பழைய சந்தனத்தைக் களையறதில்லீங்களா? சொரண்டுனாத்தான் தப்பு. கழுவுனாத் தப்பில்லீங்."

கற்பூரம் காட்டினேன். அவள் மஞ்சள் கலந்த வெந்நீரில் வெள்ளைத் துணியை நனைத்துப் பொட்டின் மேல் போட்டு வைத்தாள். நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். துணி ஆற ஆற மாற்றினாள். மூன்றாவது தடவை துணியை எடுத்தபோது, அந்தக் கெட்டிப் பொட்டு முழுசாக, உடையாமல், அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது. ஓரத்தில் பார்த்தால் மஞ்சளும் சிவப்பும் மாறி மாறி, மெல்லிய அடுக்கு அடுக்காக இருந்தது. கழுவிய தண்ணீரைக் கால்படாமல் தென்னை மரத்தடியில் ஊற்றினாள்.

மீட்டர் பலகையில், பச்சைக்கு நடுவே, வட்டமாக ஒரு நீலம். நீலம் என்றும் சொல்ல முடியாது, பச்சை என்றும் சொல்ல முடியாது. தலையைக் கொஞ்சம் சாய்த்தால் மாறியது. மயில் கழுத்தேதான்.

மாப்பிள்ளை பைக்கில் பறந்து வந்தார். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"மச்சான், அன்னைக்கு என்னோட உப்புத்தாளு ஜெயிச்சிருந்தா இன்னைக்கு ரெண்டு பேருத்து தலையிலும் துண்டுதானுங்க."

"உண்டியலு வெக்கலாமா?"

"வெச்சிருங்க. மொதக் காணிக்கை என்னோடது."

தகரத் துண்டுகளில் கலந்து கலந்து பூசி, நிழலில் ஒரு தரம் வெயிலில் ஒரு தரம் அந்த வட்டத்தோடு வைத்துப் பார்த்தார். இரண்டு நாள் போனது. ஏழாவது துண்டு ஒத்துப்போனது. பச்சையின் மேல் முதல் நீலம் விழுந்தபோது என் மனசு ஒரு தரம் அடித்துக்கொண்டது உண்மை. "மச்சான், சாமான் பொட்டிக்குள்ள மட்டும் பச்சைய விட்டர்றேன். அதை யாரு தெறந்து பாக்கப் போறாங்க" என்றார் மாப்பிள்ளை. சீட்டுக்கு அடியில் ஸ்பேனர் வைக்கிற பெட்டி அது. சரி என்றேன். மீட்டர் பலகையில் அந்தப் பழைய வட்டத்தின் மேல் மட்டும் பெயிண்டு ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆய்வாளர் அதையும் கண்டுபிடித்தார். விரலால் தொட்டு, "இவிடே அடிக்கான் மறந்நோ?" என்றார்.

"மறக்கலீங்க சார். அது முன்னால ஓட்டுன டிரைவரு அடிச்ச பெயிண்டு."

அவர் என்னையும் வட்டத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

திருவிழாவுக்கு முந்தின நாள் விடியற்காலையில் கிளம்பினோம். மனைவி முன்சீட்டில், மாப்பிள்ளை பின்னால் தண்ணீர்க் கேன்களோடு. பொள்ளாச்சி, உடுமலை தாண்டி மறையூர் ஏற்றத்தில் எஞ்சின் இரண்டு தடவை சூடானது. ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் திறந்துவிட்டு, ஆறும்வரை எலுமிச்சைச் சோறு சாப்பிட்டோம். போகிற காரெல்லாம் மெதுவாகி எங்களைப் படம் எடுத்தது. மனைவி முந்தானையைச் சரி செய்துகொண்டு நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இரும்புக் குப்பை என்று ஒரு வருஷமாகச் சொன்னவள்தான்.

லயத்தின் முன்னால் வண்டியை நிறுத்தியபோது அக்கா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எழுந்தார். முறத்தைக் கீழே வைக்காமலே நின்றார். பக்கத்து வீட்டுப் பெண்கள், "ஏக்கா, மாமா வண்டி! மாமா வண்டி வந்திருச்சு!" என்று சத்தம் போட்டார்கள். அவர் மெதுவாக வந்து, முன்புறத்தைத் தொடாமல், நேரே உள்ளே மீட்டர் பலகைக்குப் போனார். விரல் அந்த வட்டத்தின் விளிம்பில் நின்றது. புதுப் பெயிண்டுக்கும் பழையதுக்கும் இடையில் நூலளவு ஏற்றம் இருந்தது. அதைத் தடவினார்.

"இது எங்க பெயிண்டு."

"ஆமாங்க அக்கா. அதைப் பாத்துத்தான் மத்ததெல்லாம்."

பித்தளைத் திருநீற்றுச் சம்புடத்தில் பஞ்சு வைத்து அந்தப் பழைய பொட்டைக் கொண்டு வந்திருந்தேன். கொடுத்தேன். அவர் ஓரத்து அடுக்குகளை நகத்தால் எண்ணுகிற மாதிரி பார்த்தார், எண்ணவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டார்.

"பொட்டைக்கூடச் செமந்துட்டு வந்திருக்கிறியளே தம்பி. அவுக இருந்தா உங்களை விட்டுருக்க மாட்டாக, நாலு நாளு ஒக்கார வச்சுச் சோறு போட்டுருப்பாக." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, அந்தப் பச்சை எங்க போச்சு? ஆசையா அடிச்சியளே" என்றார்.

மாப்பிள்ளை சீட்டைத் தூக்கிப் பெட்டியைத் திறந்து காட்டினார். அக்கா குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் லயமே திரும்பிப் பார்த்தது.

"ஏ ஆத்தா! பட்டாளத்தை உள்ள ஒளிச்சுல்ல வச்சிருக்காக!"

மறுநாள் காலை குளித்து, மாலை போட்டுக்கொண்டு நான் ஓட்டினேன். பின்னால் ஆத்தா, அவளைப் பிடித்துக்கொண்டு பூசாரி. பக்கத்துச் சீட்டில் அக்கா, எந்த வளைவில் எவ்வளவு மெதுவாகப் போக வேண்டும் என்று கையால் காட்டிக்கொண்டே வந்தார். முளைப்பாரி எடுத்த பெண்கள் முன்னால் நடந்தார்கள். கடைசி லயத்துக்குப் போகிற மேட்டில் வண்டி ஒரு நொடி திணறியது. என் வாய் தானாக முருகா என்றது. அக்கா மீட்டர் பலகையைத் தட்டி, "ஏறுய்யா" என்றார். ஏறியது.

இறங்கும் முன், ஆத்தாவின் தட்டிலிருந்து சந்தனமும் குங்குமமும் எடுத்து, அந்தப் பழைய வட்டத்தின் நடுவில் அக்கா புதுப் பொட்டு வைத்தார். ஈரம் காயாமல் அதன் ஓரத்தில் ஒரு துளி வழிந்தது. அதைத் துடைக்கப் போன மாப்பிள்ளையின் கையை என் மனைவி பிடித்துக்கொண்டாள்.